பேட்டரிக்குத் துணை இருந்தவர்கள்

அசமந்தபுரத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டமில்லை. பூவராகனுக்கும் அவனோடு தங்கியிருந்த மூன்று பேருக்கும் கிடைப்பதுதான் கஷ்டம். இதற்கு முன் இருந்த வீட்டுக்காரர் வெளியூர் கிளம்பும்போது, "மோட்டாரைப் போடுங்க, மேல் தொட்டி நிரம்பினதும் நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டியில் விரிசல். அது நிரம்பவில்லை. நிரம்பாததால் இவர்கள் நிறுத்தவில்லை. அவர் திரும்பி வந்தபோது கிணறு காலி, தெருவில் தவளை. "நிரம்பினா நிறுத்தச் சொன்னீங்க, அது நிரம்பவே இல்லைங்களே" என்று நால்வரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். மனுஷன் அதற்கும் கோபப்பட்டார்.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை, பக்கத்து ஊர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது எனக்கு நல்லது.

ஊரே கதவைச் சாத்தியபிறகு இடம் கொடுத்த ஒரே புண்ணியவதி மெய்யம்மை ஆச்சி. கீழே ஆச்சியின் வீடு. மேலே மொட்டை மாடியில், சுவரும் கூரையும் தகரத்தாலேயே அடித்த ஒற்றை அறை. அதில் நம் ஆட்கள். பூவராகனுக்கு உட்கார்ந்த இடத்தில் வேலை. யாரோ பேசிய பேச்சையெல்லாம் காதில் மாட்டிக் கேட்டு, கணினியில் அடித்து அனுப்ப வேண்டும். மற்ற மூவர் இடும்பன், கொண்டல்சாமி, சொக்கன். அவர்களுக்கும் வேலை இருந்தது. என்ன வேலை என்று அவர்களுடைய முதலாளிகளுக்குத்தான் தெரியாது.

வந்த சம்பளத்தில் பூவராகன் ஆசைப்பட்டு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினான். வயர் கிடையாது, வயிற்றுக்குள்ளே பேட்டரி. ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் டொக்கென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்குக் கீழே மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயரும் ஓர் ஆச்சி இருக்க மாட்டார்.

ஆச்சி ஒரு நாள் பொறுத்தார், ஒரு வாரம் பொறுத்தார். பிறகு மாடி ஏறி வந்தார்.

"தம்பிகளா, என் தலைக்கு மேல மரங்கொத்தி ஒண்ணு குடியிருக்கு. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள அது போகணும். இல்லேன்னா நீங்க போகணும்."

மரங்கொத்தியைத் தேடுவதில் ஒரு நாள் போயிற்று. கிடைக்கவில்லை என்று போய்ச் சொன்னபோதுதான் ஆச்சி கீபோர்டைப் பற்றிச் சொன்னார் என்பது தெரிந்தது. இந்த வீடும் போனால் அடுத்து பஸ் ஸ்டாண்டுதான். பஸ் ஸ்டாண்டிலும் இவர்களைத் தெரியும்.

பூவராகனின் அக்கா பவளம், ஓசூரில் பேட்டரி சம்பந்தப்பட்ட ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தம்பி போன் செய்து அழுததும், வேலைக்கு நடுவே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

"டேய் பூவு, கவனமாக் கேளு. கீபோர்டுக்குள்ள பஞ்சு வெச்சா சத்தம் அடங்கும். ஆனா மொதல்ல பேட்டரியைக் கழட்டி எடுத்துடணும். பேட்டரி பக்கத்துல இரும்புச் சாமான் எதுவும் போகக்கூடாது, குத்திடுச்சுன்னா தீப்பிடிச்சுக்கும். கை வைக்கிறதுக்கு முன்னாடி, உடம்புல தங்கின கரன்ட் இறங்குறதுக்கு, தரையில ஊனின இரும்பு ஏதாவது ஒண்ணைத் தொட்டுட்டு வா. கழட்டினதை வெயில் படாம, தண்ணி படாம, மண்சட்டியில மணல் போட்டு அதுமேல வை. அதைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க, யாராவது கூடவே இருங்க. உப்பினாப்பல தெரிஞ்சா தொடவே கூடாது, எல்லாரும் வீட்டை விட்டு வெளியே வந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அப்புறம், சத்தம் எங்க போய் முட்டுதோ அங்க பஞ்சை வைக்கணும், அதான் கணக்கு. புத்தியோட செய்யுங்க."

நால்வரும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். கடைசியில் சொன்னதை மட்டும் எப்படிச் செய்வது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. முதலில் இரும்பு. இடும்பன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சோதனை போட்டான். சாவிக்கொத்து போயிற்று. பெல்ட் போயிற்று. பேன்ட்டில் ஜிப் இருந்ததால் பேன்ட் போயிற்று. சட்டையில் உலோகப் பொத்தான் இருந்தவன் சட்டையும் போயிற்று. வேட்டியும் துண்டுமாக நால்வரும் ஏதோ யாகத்துக்கு வந்தவர்கள்போல நின்றபோது சொக்கன் தொண்டையைக் கனைத்தான்.

"எனக்கு உள்ளே ஒண்ணு இருக்கு."

"எங்கே?"

"கால்ல. வண்டியில இருந்து விழுந்தப்போ கம்பி வெச்சாங்களே."

இடும்பன் வெகுநேரம் யோசித்தான். "கம்பியைக் கழட்ட முடியுமா?"

"டாக்டர் வேண்டாம்னார்."

"அப்போ நீ உள்ளே இரு. உன் கால் வெளியே இருக்கட்டும்."

அப்படியே முடிவாயிற்று. சொக்கன் வாசற்படியில் மல்லாந்து படுத்தான். தலையும் உடம்பும் அறைக்குள், கம்பி வைத்த கால் மொட்டை மாடியில்.

"இப்ப நான் உள்ளே இருக்கேனா, வெளியே இருக்கேனா?" என்றான்.

"உள்ளேதான். கால் எங்கே இருந்தா என்ன, ஆள் எங்கே இருக்கான்கிறதுதான் கணக்கு" என்று இடும்பன் தீர்ப்புச் சொன்னான். இந்தத் தீர்ப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அடுத்து தரையில் ஊன்றிய இரும்பு. தெருமுனையில் அடிபம்பு ஒன்று இருக்கிறது. பூவராகன் மாடியிலிருந்து இறங்கி ஓடி, பம்பைத் தொட்டுவிட்டு, மூச்சு வாங்க மேலே வந்தான்.

"படியேறும்போது வேட்டியைப் பிடிச்சியா?" என்று கேட்டான் இடும்பன்.

"பிடிக்காம ஏறினா விழுந்துடுவேனே."

"நடுவுல வேற எதைத் தொட்டாலும் கணக்கில்ல. போய்த் தொட்டுட்டு வா."

மறுபடி ஓடினான். இந்த முறை மூக்கைச் சொறிந்தான். மறுபடி ஓடினான். அவன் களைத்ததும் கொண்டல்சாமி ஓடினான். தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஓர் அம்மா, "ஏன் தம்பி பம்பைத் தொட்டுத் தொட்டு ஓடுறீங்க?" என்று கேட்டார். "பேட்டரி நல்லபடியாக் கழலணும்க்கா" என்று சொல்லிவிட்டு இவன் போய்விட்டான். அந்த அம்மாவின் போனில் சார்ஜ் நிற்பதில்லை. அவரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். மதியத்துக்குள் அடிபம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கையில் போனோடு ஒரு வரிசை நின்றது. அதில் எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியாரும் இருந்தார், பெயர் வேண்டாம்.

கடைசியில் கொண்டல்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு எதிலும் படாமல் மாடி ஏறி வந்து சேர்ந்தான். ஆனால் திருகாணிகளைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அது இரும்பு. சீப்பை வைத்துப் பார்த்தார்கள், உடைந்தது. அகப்பைக் காம்பை வைத்துப் பார்த்தார்கள், நுழையவில்லை. கொண்டல்சாமிக்கு வலது கட்டைவிரல் நகம் நீளமாக இருக்கும், ஆசையாக வளர்த்தது, எண்ணெய் தடவி வைத்திருப்பான். எல்லோரும் அதையே பார்த்தார்கள். அவன் கண்கலங்க அதைக் கொடுத்தான். கீபோர்டு திறந்தது, நகம் போயிற்று. சப்பட்டையாக, வெள்ளிக் காகிதம் சுற்றிய பிஸ்கட் அளவுக்கு இருந்தது பேட்டரி. அதன் இணைப்பை நோகாமல் உருவி, மண்சட்டியில் மணல் பரப்பி அதன்மேல் படுக்க வைத்தார்கள்.

"கூடவே இருக்கணும்னாங்க" என்றான் பூவராகன். "சும்மா இருந்தாப் போதுமா, பேச்சுத்துணையும் வேணுமா?"

"கூட இருந்துட்டுப் பேசாம இருந்தா அது என்ன இருக்கிறது?" என்றான் இடும்பன்.

எப்படியும் படுத்துத்தான் கிடக்கிறான் என்று அந்தப் பொறுப்பு சொக்கனுக்குப் போயிற்று. அவன் படுத்தபடியே பேட்டரிக்குத் தன் தங்கை கல்யாணம் நின்றுபோன விவரத்தைச் சொல்லத் தொடங்கினான்.

இனிப் பஞ்சு. மெத்தைக் கடையில் வாங்கி வந்த பஞ்சுத் துண்டு தயாராக இருந்தது. வைப்பதற்கு முன் பூவராகன் பழக்கதோஷத்தில் ஒரு விசையைத் தட்டினான். டொக்.

எல்லோரும் சட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேட்டரி அங்கே இருக்கு" என்றான் கொண்டல்சாமி மெதுவாக.

மறுபடி தட்டினான். டொக்.

"உசுரு சட்டியில கிடக்கு, உடம்பு மட்டும் பேசுது" என்றான் சொக்கன் வாசற்படியிலிருந்து.

இடும்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணை மூடினால் யோசிக்கிறான் என்று மற்றவர்கள் நம்பினார்கள். "ஒண்ணு தெரியுது. சத்தம் கீபோர்டுக்குள்ள இல்ல. உள்ளே இருந்தா பேட்டரியோட போயிருக்கும். அக்கா என்ன சொன்னாங்க? சத்தம் எங்க போய் முட்டுதோ அங்க பஞ்சை வைக்கணும். அது எங்கே போகுதுன்னு பின்னாடியே போய்ப் பார்ப்போம்."

பூவராகன் தட்டிக்கொண்டே இருக்க, இடும்பனும் கொண்டல்சாமியும் சத்தத்தைத் தொடர்ந்து போனார்கள். மேஜையில் காதை வைத்தார்கள், அங்கே நிற்கவில்லை, மேஜைக் காலுக்குப் போயிற்று. தரையில் காதை வைத்தார்கள், அங்கேயும் நிற்கவில்லை, கீழே இறங்கிற்று. இவர்களும் படியிறங்கினார்கள். ஆச்சியின் கூடத்தில் நின்று அண்ணாந்து கேட்டார்கள். கூரையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அப்படியே வந்து, சாய்வு நாற்காலியில் முகத்தைச் சுளித்துப் படுத்திருந்த ஆச்சியிடம் போய் நின்றது. ஒவ்வொரு டொக்குக்கும் ஆச்சியின் புருவம் ஒரு தடவை துள்ளியது.

"இங்கேதான் முட்டுது" என்றான் இடும்பன்.

"காது" என்றான் கொண்டல்சாமி. அக்காவின் அறிவை நினைத்து அவனுக்குப் புல்லரித்துவிட்டது.

ஆச்சியை எழுப்பி விஷயத்தைப் பணிவாகச் சொன்னார்கள். பல நாள் தூக்கமில்லாத மனுஷி. "என்னத்தையாவது பண்ணித் தொலைங்கடா" என்றார். இடும்பன் கையாலேயே அளவெடுத்து, பஞ்சைக் கத்தரித்து, இரண்டு காதிலும் பதமாக வைத்தான். மிச்சப் பஞ்சை வீணாக்குவானேன் என்று அதையும் காதின்மேல் வைத்து ஒரு துண்டால் தலையைச் சுற்றிக் கட்டினான். மேலே பூவராகன் தட்டினான். புருவம் துள்ளவில்லை. வேகமாகத் தட்டினான். ஆச்சி லேசாகச் சிரித்தார். பிறகு குறட்டை வந்தது.

வீடு தப்பிவிட்டது. கொண்டல்சாமி நகம் போன விரலோடு ஆடினான். பூவராகன் கீழே ஓடிவந்து பார்த்து அழுதேவிட்டான். அக்காவுக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்றான், நால்வருக்கும் இருந்த ஒரே போன் மேலே அறைக்குள் சார்ஜில் இருந்தது. இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் அவர்களைப் பற்றி நான் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் சொக்கனுக்கு ஒரு சிக்கல். காலை வெளியே வைத்துப் படுத்திருந்ததால் சட்டி தூரத்தில் இருந்தது. பேட்டரி உப்புகிறதா இல்லையா என்பது சரியாகத் தெரியவில்லை. ஆச்சியின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொன்னான். அது பிளாஸ்டிக் சட்டம்தானா என்று கடித்துப் பார்த்துவிட்டுக் கொண்டல்சாமி கொண்டுவந்து கொடுத்தான். ஆச்சிக்குப் பார்வை ரொம்ப மோசம், கண்ணாடி சோடாபுட்டி. சொக்கன் அதை மாட்டிக்கொண்டு சட்டியைப் பார்த்தான்.

"உப்பிடுச்சு."

"எவ்வளவு?"

"பிஸ்கட்டா இருந்தது. இப்ப பன்னு."

இடும்பன் கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்தான். பன்னுதான். பூவராகன் பார்த்தான். அவனுக்கும் பன்னு. மூன்று பேர் பார்த்து ஒரே மாதிரி சொன்னபிறகு அதில் சந்தேகம் ஏது.

"எல்லாரும் வெளியே" என்றான் இடும்பன். எல்லோரும் என்றால் ஆச்சியும்தான். தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்று நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய்த் தெருமுனையில் அடிபம்புக்குப் பக்கத்தில், நிழலாகப் பார்த்து வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பம்பைத் தொட்டபிறகு, தலையில் கட்டோடு கண்மூடி அமர்ந்திருந்த ஆச்சியையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நால்வரும் மொட்டை மாடியில், அறைக்கு வெளியே கூடினார்கள்.

"அக்காவுக்குப் போன் பண்ணணும்" என்றான் பூவராகன்.

"போன் உள்ளே இருக்கு."

"எடுத்துட்டு வரேன்."

"உள்ளே போகக்கூடாதுன்னுதானே வெளியே வந்திருக்கோம்."

அது சரிதான். பிறகு கொண்டல்சாமி ஒன்றைச் சொன்னான்.

"நாம எல்லாரும் வெளியே இருக்கோம். அப்போ அது உள்ளே தனியா இருக்கு."

"ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தா?" என்றான் சொக்கன்.

"பார்க்கிறது வேற, கூட இருக்கிறது வேற. நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உன்னை ஜன்னல் வழியாத்தான் பார்த்தோம். யாரும் கூட இல்லைன்னு அழுதியே."

சொக்கன் தலையைக் குனிந்துகொண்டான். அது இன்னும் வலிக்கிறது அவனுக்கு.

"அப்போ அதை வெளியே கொண்டுவரணும்" என்றான் பூவராகன்.

"உப்பினதைத் தொடக்கூடாது."

"நாம உள்ளே போகக்கூடாது. அதைத் தொட்டு வெளியே எடுக்கக்கூடாது. தனியாவும் விடக்கூடாது" என்று விரல் விட்டு எண்ணினான் கொண்டல்சாமி. எண்ணுவதற்கு நகம் இல்லாத விரலைக் கடைசியாகத்தான் எடுத்தான்.

இடும்பன் கண்ணை மூடினான். அவ்வளவு நேரம் அவன் கண்ணை மூடி யாரும் பார்த்ததில்லை. தூங்கிவிட்டானோ என்று சொக்கன் தொடப்போனபோது கண்ணைத் திறந்தான்.

"பேட்டரி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அதைச் சுத்தி இருக்கிற வீட்டை எடுத்துட்டா அது தானா வெளியே வந்துடும்."

இப்படி ஒரு யோசனை எங்கள் ஊரில் யாருக்கும் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேலை மும்முரமாக நடந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை, வெளியில் நின்றே செய்தார்கள். தகரச் சுவர்களை அசைத்து அசைத்துப் பிடுங்கினார்கள். ஏணி வைத்துக் கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினார்கள். அவை மாடித் தரையில் விழுந்த சத்தத்தில் மூன்று தெருவுக்கு நாய் குரைத்தது. பம்படியில் வரிசை கலைந்து ஓடியது. ஆச்சி மட்டும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"இந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்கல பார்த்தியா" என்றான் பூவராகன் பெருமையாக. "அக்கா சொன்ன பஞ்சு பஞ்சுதான்."

சாயங்காலத்துக்குள் அறை இருந்த இடத்தில் ஒரு மேஜை, நான்கு பாய், சட்டிக்குள் பேட்டரி, பக்கத்தில் போன். மேலே ஆகாசம். நால்வரும் ஓடிப்போய்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சொக்கன் கம்பிக் காலை மட்டும் தள்ளி நீட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தங்கை கல்யாணத்தைத் தொடர்ந்தான்.

அக்காவுக்குப் போன் செய்யலாம் என்று அப்போது ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதற்குள் படியில் காலடி கேட்டது.

ஆச்சி எழுந்து, எப்படியோ தடவித் தடவி மாடி ஏறி வந்துவிட்டார். கண்ணில் கண்ணாடி இல்லை, காதில் பஞ்சு. வந்தவர் அறை இருந்த இடத்தில் நின்று மூச்சை ஆழ இழுத்தார். முகம் மலர்ந்திருந்தது. காது அடைத்திருந்ததால் தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"பத்து வருஷத்துல இப்படித் தூங்கினதில்லை தம்பிகளா. நீங்க காலி பண்ண வேண்டாம். இந்த ரூம்லயே எத்தனை காலம் வேணும்னாலும் இருந்துக்குங்க. என்ன காத்து, என்ன காத்து. இவ்வளவு காத்தோட்டமான ரூமையா உங்களுக்குக் கொடுத்திருக்கேன்."

நால்வரும் நெடுஞ்சாண்கிடையாக ஆச்சியின் காலில் விழுந்தார்கள். வீடு நிச்சயமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது.

"தண்ணி படக்கூடாது" என்று அலறினான் கொண்டல்சாமி.

கீழே கிடந்த தகரம் ஒன்றை நால்வரும் நான்கு மூலையில் தூக்கிப் பேட்டரிக்கு மேலே பிடித்தார்கள். பிடித்ததும் இடும்பன் திடுக்கிட்டான்.

"மேலே தகரம் வந்துட்டா இது மறுபடியும் வீடு. நாம வெளியே இருக்கணும்."

ஆகவே தகரத்தைப் பிடித்தபடியே நால்வரும் கையை நீட்டி, அதன் விளிம்புக்கு வெளியே போய் நின்றார்கள். மழை வலுத்தது. தகரத்துக்குக் கீழே பேட்டரியும் போனும் சொட்டுக்கூட நனையாமல் இருந்தன. இவர்கள் தலையிலிருந்து வழிந்த தண்ணீர் வேட்டி வழியாக இறங்கி ஓடியது. ஆச்சி கையை நீட்டிப் பார்த்து, "மாடிக்குத் தண்ணி வசதியும் பண்ணிட்டீங்களா" என்று சந்தோஷப்பட்டார்.

அப்போது போன் அடித்தது. பவளம் அக்கா.

"உள்ளே போகாம எப்படி எடுக்கிறது?" என்றான் பூவராகன்.

"காலை நீட்டு" என்றான் சொக்கன், காலையில் வாங்கிய தீர்ப்பை மறக்காமல். "கால் எங்கே இருந்தா என்ன, ஆள் வெளியேதானே இருக்கான்."

பூவராகன் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் கட்டைவிரலால் போனைத் தேய்த்து எடுத்து, ஸ்பீக்கரையும் போட்டான்.

"டேய், காலையில இருந்து ஒரு தகவலும் இல்ல. சத்தம் அடங்கிச்சா? அந்த அம்மா வீட்டை விட்டு அனுப்பிட்டாங்களா, இருக்கச் சொல்லிட்டாங்களா? வீடு இருக்கா, இல்லையா?"

"இருக்குக்கா" என்றான் பூவராகன், கண்ணில் விழுந்த மழையைத் துடைக்கக் கை இல்லாமல். "நாங்க நாலு பேரும்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்."